கடைசி வரிசையின் விலை

செவ்வந்திக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் தாழும். விவரம் தெரியாதவர்கள் அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து இன்னும் இரண்டு வார்த்தை பேசுவார்கள், பேசி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கணவன் தமிழ்வேந்தனுக்குப் பதினாறு வருடப் பழக்கம். அவள் குரல் இறங்கினால் போதும், அவன் செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவான்.

இந்தப் பதினாறு வருடத்தில் அவளுக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி வீட்டைப் பற்றியது. கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்ததிலிருந்து ஏழு வாடகை வீடு மாறியாகிவிட்டது. முதல் வீட்டில் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. இரண்டாவது வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுக்கும்போதே, “மீனெல்லாம் அடிக்கடி செய்வீங்களாங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மூன்றாவது வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் செவ்வந்தியின் மாமா மகள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்து வீட்டுக்காரர் கையில் கிடைத்தது. பெண் வீட்டு முகவரியில் ‘காலனி’ என்று அச்சாகியிருந்தது. அடுத்த வாரமே வீட்டுக்காரருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீடு அவர்களுக்கே தேவைப்பட்டுவிட்டது. அந்த மகளுக்கு இன்றுவரை கல்யாணம் நடந்தபாடில்லை.

மிச்ச நாலு வீட்டுக் கதையையும் சொன்னால் கேட்கிறவர்களுக்கும் ரத்தக் கொதிப்பு வரும். விட்டுவிடுவோம்.

அவள் பார்த்த வேலையோ வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை. மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். ஊர்க்காரர்கள் பாஷையில், ரீடிங் எடுக்கிற அம்மா. நாளொன்றுக்கு நூற்றைம்பது வீட்டு மீட்டராவது பார்ப்பாள். எந்த வீட்டில் எத்தனை ஏசி, எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மோர் கொடுப்பார்கள், எல்லாம் அத்துப்படி. மூன்று மாடி எழுப்பி, கிரானைட் பதித்து, கேட்டில் சிங்க முகம் வைத்து, ஆள் இல்லாமல் பூட்டியே கிடக்கும் வீடுகள் அவளுடைய பகுதியில் மட்டும் பதினொன்று இருந்தன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீடுகளுக்குப் பூஜ்யம் யூனிட் என்று பதியும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். மனிதர் இல்லாத வீட்டுக்குப் பூட்டுப் போட்டு வைப்பார்கள், மனிதருக்கு மட்டும் கொடுக்கமாட்டார்கள் என்று அந்தச் சிங்க முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு நகர்வாள்.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஊஞ்சமரப்புதூர் காலனியில் பிறந்தவள் அவள். அப்பா மாரப்பன் தென்னந்தோப்புகளில் காய் பொறுக்கி, மட்டை உரித்துத்தான் அவளைப் படிக்கவைத்தார். அரசாங்க விடுதியில் தங்கி டிகிரி முடித்தாள். தேர்வு எழுதி மூன்றாம் முறை வேலை கிடைத்தது. அந்த வேலையைக் காட்டி ஒரு சொந்த வீடு வாங்கிவிடலாம் என்று நம்பினாள். வருடத்துக்கு ஒரு சம்பள உயர்வு அவளுக்கு வந்தது. மாதத்துக்கு ஒரு உயர்வு நிலத்துக்கு வந்தது.

அவர்கள் குடியிருந்த கணபதியில், குப்பை வண்டி திரும்ப முடியாத சந்தில், சென்ட் இருபத்தாறு லட்சம். சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தபிறகு விலை கேட்கவே காசு கேட்பார்கள் போலிருந்தது. கருமத்தம்பட்டியில் ஏழரை என்றார்கள், போய்ப் பார்த்தார்கள். மூன்று பக்கமும் விசைத்தறி. மனையைக் காட்டிய ஆள் கத்திக் கத்திப் பேசியது தமிழ்வேந்தனுக்குப் பாதிதான் கேட்டது. ஒன்பதாம் வகுப்பு போகப்போகிற மகள் ஷ்ரவ்யா, “இங்க நான் எப்படிம்மா படிக்கறது?” என்று கேட்டதை அவள் உதடு அசைந்ததிலிருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

அவர்களிடம் இருந்ததெல்லாம், சேமிப்பும் வங்கி கொடுக்கிறேன் என்ற கடனும் சேர்த்து, முப்பத்தெட்டு லட்சம். கணபதியில் அந்தப் பணத்துக்கு ஒன்றரை சென்ட் கூட முழுசாக வராது. அதில் ஒரு ஆட்டோவை நிறுத்தலாம். ஆட்டோவுக்குள் மூன்று பேரும் படுத்துக்கொள்ளலாம்.

இந்த நேரத்தில்தான் வைகாசியில் ஆர்டர் வந்தது. கணக்கீட்டு ஆய்வாளராகப் பதவி உயர்வு, உடுமலைப்பேட்டையில். அதே வாரம் வீட்டுக்காரரும் வந்தார். வெளிநாட்டிலிருந்து மகன் திரும்புகிறான், ஆடிக்குள் காலி செய்துகொடுங்கள் என்றார். செவ்வந்தியின் குரல் தாழ்ந்தது. ஆனால் அந்த மகன் உண்மையாகவே வரப்போகிறானாம், விமான டிக்கெட்டையே போனில் காட்டிவிட்டார். கோபப்படக்கூட வழியில்லை.

“எட்டாவது வாடகை ஊடு எனக்கு வேண்டாமுங்க,” என்றாள் செவ்வந்தி தமிழ்வேந்தனிடம். “செத்தாலும் சொந்த ஊட்டுலதான்.”

“ஏன் சாகறதப் பத்திப் பேசறே? உடுமலைல வெல ஆறுல ஒண்ணுதானாமா. அங்கயே பாப்பம். கட்டி முடியற வரைக்கும் ஈபி குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கலாம்.” தமிழ்வேந்தன் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். உடுமலைக்குக் குடிபோனால் தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அதை அவன் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உடுமலைக்குப் போனார்கள். பஸ் நிலையத்துக்கே வந்து காத்திருந்தார் புரோக்கர் வெள்ளியங்கிரி. ஐம்பது வயது, கழுத்தில் துண்டு, கையில் இரண்டு போன். ஆட்டோ வைத்துத் தாராபுரம் ரோட்டில் கூட்டிப்போனார். ஒரு தென்னந்தோப்பை அழித்து மனை போட்டிருந்தார்கள். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் சில இடத்தில் தலை நீட்டிக்கொண்டிருந்தன. மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள், புதுத் தார் ரோடு, வாசலில் வளைவு கட்டி ‘குபேர வேலவன் கார்டன்’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு மனையும் நாலு சென்ட். காற்று நன்றாக வந்தது. ஷ்ரவ்யா ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, “அம்மா, இதுல என்ற ரூமு எங்க வரும்?” என்றாள்.

செவ்வந்திக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் இனித்தது. இதற்கு முன் எந்த வீட்டிலும் அந்தக் குழந்தை அப்படிக் கேட்டதில்லை.

“முன்வரிசை சென்ட்டு நாலேகாலுங்க,” என்றார் வெள்ளியங்கிரி. “நடு வரிசை நாலுங்க. கடைசி வரிசை உங்களுக்கு ரெண்டேகாலுக்கு முடிச்சுத் தாரனுங்க.”

“நாலுல இருந்து ஒரேயடியா ரெண்டேகாலா?” என்றான் தமிழ்வேந்தன். “தண்ணி தேங்குமுங்களா அங்க?”

“அய்யய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மேட்டு நெலமுங்க. எடம் நெம்ப நல்ல எடமுங்க.” வெள்ளியங்கிரி அக்கம்பக்கம் பார்த்தார். சுற்றிலும் கல்லைத் தவிர யாருமில்லை. இருந்தாலும் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு, சொந்தக்காரருக்கு ரகசியம் சொல்கிற மாதிரி கிட்டே வந்து சொன்னார். “ஒரே ஒரு கொறைதானுங்க. பொறத்தால காலனிங்க.”

தமிழ்வேந்தன் செவ்வந்தியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். வெள்ளியங்கிரி நிறுத்தவில்லை.

“அதுக்கு நீங்க வெசனப்படாதீங்க அம்மணி. எட்டடிக்குச் செவுரு எழுப்பித் தாரேன்னு ஓனர் சொல்லியிருக்கறாருங்க. செவுரு ஏறிப்போச்சுன்னா அக்கட்ட ஆளுக இருக்கறதே உங்களுக்குத் தெரியாதுங்க.”

அந்த மனிதருக்கு யாரிடம் பேசுகிறோம் என்று தெரியவில்லை. காட்டன் புடவை, தோளில் பை, அரசாங்க வேலை, இவ்வளவையும் பார்த்து அவராக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அதுவும் மரியாதையாகத்தான் வந்திருந்தார்.

செவ்வந்தி கடைசி வரிசைக்கு நடந்தாள். மனைக்கல் முடிந்த இடத்திலிருந்து இருபது அடி தள்ளிக் காலனி தொடங்கியது. நீலத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் பள்ளிச் சீருடை, ஒரு வீட்டு வாசலில் கட்டில் போட்டு ஒரு பெண் குழந்தை குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் கெடுக்கவில்லை. அவர்கள்பாட்டுக்கு இருந்தார்கள். தோப்பு தோப்பாக இருந்த காலத்தில் அதில் வேலை செய்ததும் இவர்களாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்து, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள். “காலனி பக்கத்துல இருந்தா சென்ட்டுக்கு எவ்வளவுங்க கொறையும்?”

“ரெண்டு லட்சம் கொறையுமுங்க,” என்றார் வெள்ளியங்கிரி, விவரம் கேட்கிற அம்மாவாக இருக்கிறாளே என்ற சந்தோஷத்தோடு. “எந்தப் பக்கம் போனாலும் பாதிக்குப் பாதி அடிவாங்குமுங்க.”

தமிழ்வேந்தன், “யோசிச்சுச் சொல்றமுங்க,” என்று அவசரமாகக் கும்பிட்டு அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தான்.

பஸ்ஸில் பொள்ளாச்சி வரும்வரை அவள் ரோட்டோரத்து மனைக் கற்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அவன்தான் ஆரம்பித்தான். அவனும் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தான்.

“கடைசி வரிசையே எடுத்துக்கலாம் செவ்வந்தி. நாலு சென்ட்டு ஒம்பது லட்சத்துல முடிஞ்சுரும். மிச்சம் இருவத்தொம்பதுல ரெண்டு பெட்ரூமு, மேல ஒரு ரூமு போட்டுக் கட்டிப்போடலாம். பொறத்தால நம்ம சனம் இருந்தா நமக்கு நல்லதுதான?”

“நம்ம சனம் எங்க இருக்கும்? செவுத்துக்கு அக்கட்ட. நம்ம எங்க இருப்பம்? இக்கட்ட. அந்தச் செவுத்துல முதுகச் சாச்சுட்டு நான் சோறு திங்கோணுமா?”

“நம்மளா செவுரு வெக்கறோம்?”

“நம்ம குடுக்கற காசுலதானுங்க வெக்கறான்.”

“முன்வரிசைன்னா பதினேழு லட்சம்.” அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “எட்டு லட்சம் சேத்தி. எட்டு லட்சத்துக்கு நான் மூணு வருசம் மெஷினு முன்னால நிக்கோணும். கோவத்துக்கு எட்டு லட்சம் குடுப்பாங்களா யாராச்சும்?”

நியாயமான கேள்விதான். செவ்வந்திக்கும் அது நியாயம் என்று தெரிந்தது, அதனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது. “நான் பொறந்ததுக்கு அவன் ஒரு வெல போட்டு வச்சிருக்கறான். அந்த வெலையக் கொறைச்சு, மலிவா இருக்குது வாங்கிக்கோன்னு எனக்கே விக்கறான். நான் சிரிச்சுட்டு வாங்கிக்கோணும்னு சொல்றீங்க. வாங்கினா நாளைக்கு நம்ம ஷ்ரவ்யாளுக்கு என்ன சொல்லுவீங்க? நம்மனால கொறைஞ்ச வெலைல உனக்கு மேல ஒரு ரூமு கெடச்சுதுன்னா?”

ஷ்ரவ்யா ஜன்னல் ஓரத்தில் காதில் இயர்போன் மாட்டியிருந்தாள். அதில் பாட்டு ஓடவில்லை என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

கிணத்துக்கடவு தாண்டியபோது தமிழ்வேந்தன் பெருமூச்சு விட்டான். “சரி. மேல் ரூமு பின்னால கட்டிக்கலாம்,” என்றான். அவன் சம்மதித்தானே தவிர அவனுக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் காகிதத்தில் இரண்டு வீட்டுப் படத்தையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு மனைகளின் திறப்பு விழா. வாசலில் வாழை மரம், பந்தல், நாற்காலிகள், ஸ்பீக்கரில் நாதஸ்வரம், வந்தவர்களுக்கெல்லாம் கேசரியும் டீயும். பந்தல் கம்பத்தில் மனை வரைபடமும் விலைப் பட்டியலும் பெரிதாக அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் பதினேழாம் எண், மூலை மனை, செவ்வந்தி குறித்துவைத்திருந்தது, எந்த அடையாளமும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. விற்ற மனைகளின்மேல் மட்டும் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார் முதலாளி சென்னியப்பன். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, நெற்றியில் திருநீறு. வெள்ளியங்கிரி அறிமுகம் செய்துவைத்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாங்க அம்மணி, வாங்க தம்பி. உக்காருங்க. டீ சாப்பிட்டீங்களா? பாப்பாவுக்குக் கேசரி குடுங்கப்பா.” ஒரு படிவத்தை எடுத்து அவரே நிரப்ப ஆரம்பித்தார். “பேரு சொல்லுங்க. அப்பா பேரு? மாரப்பனுங்களா, நல்லதுங்க. சொந்த ஊரு? ஊஞ்சமரப்புதூருங்களா, அட, நம்ம பக்கந்தானுங்க. அங்க எனக்குச் சொந்தத்துல ஒறம்பரை இருக்குதுங்க.” பேனாவை நிறுத்தி, முகம் மலர நிமிர்ந்தார். “ஊருக்குள்ளீங்களா, தோட்டத்துலீங்களா?”

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரண விசாரிப்பாகத் தெரியும். வீடு ஊருக்குள்ளா, தோட்டத்துக்குள்ளா என்று கேட்பதில் என்ன இருக்கிறது? இந்தப் பக்கத்து ஆட்கள் சாதியை நேராகக் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தமாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். மாரப்பன் என்ற பெயர் எல்லாரிடமும் இருக்கிறது, தமிழ்வேந்தன் என்ற பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இந்தக் கேள்வி. இதற்கு இரண்டு பதில்தான் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பதில் சொல்ல வேண்டியவர்கள் இந்த மேசைக்கு வரமாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம்.

தமிழ்வேந்தன் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். ‘ஊருக்குள்ள’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்துவிடும்.

“ரெண்டும் இல்லீங்க,” என்றாள் செவ்வந்தி. “காலனிங்க.”

சென்னியப்பனின் சிரிப்பு அப்படியே இருந்தது, பேனா மட்டும் நின்றது. படிவத்தை மெதுவாகத் திருப்பி வைத்தார். வெள்ளியங்கிரி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“ஓ. சரி சரி,” என்றார் சென்னியப்பன். “பதினேழு புக்காயிருச்சு. இவன் சொல்லலையா உனக்கு?”

ஒரு வரிக்குள் ‘ங்க’ காணாமல் போய்விட்டது. கொங்கு நாட்டில் கடைக்கு வரும் குழந்தைக்கும் ‘ங்க’ போடுவார்கள், தவறான நம்பருக்குப் போன் செய்தவனையும் ‘யாருங்க வேணும்’ என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் நாற்பத்தொரு வயதுப் பெண்ணிடமிருந்து, மகள் பார்க்க, அதைப் பிடுங்கி எடுத்தார். செவ்வந்திக்குக் காதெல்லாம் சுட்டது.

“போர்டுல பொட்டு இல்லீங்களே.”

“ஒட்ட மறந்திருப்பானுக. இங்க பாரு கண்ணு, கோவிச்சுக்காத. நான் அப்படியெல்லாம் பாக்கற ஆளே கெடையாது. ஆனா யாவாரம் பாரு. முன்னால உனக்கு ஒண்ணு குடுத்தன்னா, மிச்சம் இருக்கற இருவது சைட்டும் நாலேகாலுக்கு ஓடாது. நான் என்ன பண்ணட்டும்?” பிறகு பெரிய மனது பண்ணுகிறவர் போல் சாய்ந்து உட்கார்ந்தார். “கடைசி வரிசைல வேணும்னா எடுத்துக்கோ. உனக்காக ரெண்டுக்கே தாரேன்.”

இன்னும் இருபத்தைந்தாயிரம் குறைத்தார். மகராசன்.

அவர் அடுத்த வாடிக்கையாளரை வரவேற்க எழுந்து போனார். தமிழ்வேந்தன் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து காதோரம் சொன்னான். “நீ இந்த ஊருக்கு ஈபி ஆய்வாளரா வாரேன்னு சொல்லு. நாளைக்கு எல்லா சைட்டுக்கும் கரண்டு வாங்க உன்ற ஆபீசுக்குத்தான் வரோணும் இவன். கையக் கட்டிட்டுக் குடுப்பான்.”

“வேலையச் சொல்லி வாங்கினா வேலைக்குத்தான் விப்பான். எனக்கு விக்கோணும்.”

சொல்லிவிட்டு அவள் நேராகப் போய்ப் பந்தலின் முகப்பில், வருகிறவர்கள் முதலில் உட்காரும் வரிசையில், நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். இங்கே அவள் உட்கார்ந்தாலே விலை குறையும் என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். குறைத்துத்தான் பார்ப்போமே என்று இருந்தது அவளுக்கு.

காரில் ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். “ஏனுங்க, நீங்களும் சைட்டு பாக்க வந்தீங்களா?”

“வாங்கவே வந்துட்டனுங்க. பதினேழாம் நெம்பரு. முன்னால மூலை.”

“எந்தூருங்க நீங்க?”

“ஊஞ்சமரப்புதூருங்க. காலனி.” செவ்வந்தி மேற்கொண்டும் மரியாதையாக விளக்கினாள். “எங்க சொந்தக்காரங்க நெம்பப் பேருங்க. ஊடு கட்டினதும் எல்லாரும் வந்து போய்ட்டு இருப்பாங்க.”

விசிறி நின்றது. அந்த அம்மாள் எழுந்து கணவனிடம் போனாள். இருவரும் வரைபடத்தைப் பார்ப்பது போல் நின்று பேசினார்கள். வெயில் அதிகமாக இருக்கிறது, பொழுது சாய வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். கேசரியைக்கூடத் தொடவில்லை.

இரண்டாவதாக வந்தவர் பல்லடத்துக்காரர், கேட்டுக்கொண்டு மெல்ல இடம் மாறி உட்கார்ந்தார். மூன்றாவது ஒரு இளம் ஜோடி. அந்தப் பெண், “அப்படீங்களாக்கா, அப்ப நம்ம பக்கத்துப் பக்கத்து ஊடுதான்,” என்று சொல்லி, கிணறா போர்வெல்லா என்று விசாரித்தாள். செவ்வந்திக்கு அந்த நேரத்தில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, இருந்தாலும் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டாள். நாலாவது குடும்பம் வாசலிலேயே பல்லடத்துக்காரரிடம் பேசிவிட்டு அப்படியே திரும்பியது.

சென்னியப்பன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளியங்கிரியை அனுப்பினார். வெள்ளியங்கிரி வந்து, “அம்மணி, வெயிலா இருக்குதுங்க, உள்ள உக்காரலாமுங்க,” என்றார்.

“நெழல்லதானுங்க இருக்கறேன்.”

அதுவரை பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தமிழ்வேந்தன் நடந்து வந்தான். அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போவான் என்று வெள்ளியங்கிரி எதிர்பார்த்தார். அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுத்து வந்த பெரியவர் ஊர் கேட்டபோது அவனே பதில் சொன்னான், அவளைவிடச் சத்தமாக. அவன் பிறந்த காலனியின் பெயர் ஸ்பீக்கரில் வந்த நாதஸ்வரத்துக்கு மேலே கேட்டது. செவ்வந்தி திரும்பி அவனைப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவன் அதை வெளியாள் முன்னால் சொல்லி அவள் கேட்டதில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சென்னியப்பன் தானே வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“அம்மணி, சித்த இப்படி வாங்க. தம்பி, நீங்களும் வாங்க. எதுக்குங்க இதெல்லாம்? உக்காந்து பேசிக்கலாமுங்க.”

மேசைக்குப் போனதும் திருப்பி வைத்திருந்த படிவத்தை அவரே எடுத்தார். “பதினேழு உங்களுக்குத்தானுங்க. மூணே முக்காலுக்கே போட்டுக்கலாமுங்க. அட்வான்ஸ் குடுத்துட்டு, பொழுதோட ஊடு போய்ச் சேருங்க.”

சென்ட்டுக்கு ஐம்பதாயிரம், நாலு சென்ட்டுக்கு இரண்டு லட்சம். தமிழ்வேந்தனின் கண்ணில் அது ஒரு நொடி வந்து போனதை அவள் பார்த்தாள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு லட்சத்தில் மேல் அறைக்குப் பாதிச் சுவர் எழும்பிவிடும்.

“கம்பத்துல என்ன வெல எழுதியிருக்குதுங்க?”

“அது நாலேகாலுங்க. ஆனா உங்களுக்கு...”

“எனக்குன்னு ஒரு வெல வேண்டாமுங்க. எல்லாருக்கும் என்னவோ அதையே போடுங்க. அந்தச் சிவப்புப் பொட்டையும் இப்பவே ஒட்டச் சொல்லுங்க.”

அவர் அவளைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு எழுதினார். பொட்டை வெள்ளியங்கிரி ஒட்டினார், அவசரத்தில் கொஞ்சம் கோணலாக விழுந்தது. செவ்வந்தி ரசீதை இரண்டு தடவை வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

பஸ்ஸுக்காகத் தாராபுரம் ரோட்டில் நடந்தார்கள். தமிழ்வேந்தன் முன்னால் போனான், தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டு, நடுவில் ஒருமுறை சிரித்துக்கொண்டு. செவ்வந்திக்குக் கோபம் இறங்கவில்லை. ஜெயித்த மாதிரியே தோன்றவில்லை. ஊரில் எல்லாரும் விலையைக் கேட்டு, பணத்தைக் கொடுத்து, டீயைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். இவள் அதே பதினேழு லட்சத்தைக் கொடுக்க இரண்டு மணி நேரம் பந்தலில் தன்னைக் காட்சிக்கு வைக்க வேண்டியிருந்தது.

ஷ்ரவ்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பஸ் நிறுத்தம் வந்ததும் கேட்டாள்.

“அம்மா, நம்ம அங்க ஊடு கட்டினா நெசமாவே பக்கத்து சைட்டுக்கெல்லாம் வெல கொறஞ்சுருமா?”

செவ்வந்தி மகளின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள், வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

“கொறையட்டும் கண்ணு,” என்றாள். “கொறஞ்சா நம்ம சனம் இன்னும் நாலு பேரு முன்வரிசைல வாங்கிப்போடலாம்.”